பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் தீம் மாற்றியபின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

லினக்ஸ் கணினிகளின் டெஸ்க்டாப் சூழல்களில் ஒன்றான கேடிஇ பிளாஸ்மாவில் தீம் என்று ஒரே பொருள் கிடையாது. நிறத்திட்டம் ஓர் அடுக்கு. ஜன்னலுக்குள் இருக்கும் பொத்தான், பட்டி, டேப் எல்லாவற்றையும் வரையும் அப்ளிகேஷன் ஸ்டைல் இன்னோர் அடுக்கு. பேனலையும் அதிலிருந்து விரியும் மெனுக்களையும் வரைவது பிளாஸ்மா ஸ்டைல். ஜன்னலின் தலைப்புப் பட்டை, ஐகான், கர்சர், எழுத்துரு, லாகின் திரை இவை எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றும் தன் அமைப்பை வேறு வேறு கோப்பில் வைத்திருக்கிறது. அதனால் ஏதாவது ஒன்று கெட்டதும் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது வீண் வேலை. எந்த அடுக்கு கெட்டது என்பதை அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே சொல்வது பிளாஸ்மா 6க்கு. அது 2024 பிப்ரவரி 28 அன்று வெளியானது. குபுண்டு 24.04, டெபியன் 12 இரண்டிலும் இருப்பது 5.27, அங்கே செட்டிங்ஸ் பக்கங்களின் இடம் கொஞ்சம் மாறும், காரணங்கள் பெரும்பாலும் அவையே. கோப்பு, கட்டளைப் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்; பெயரின் முன்னால் 'புள்ளி' என்று வந்தால் இடைவெளி விடாமல் . குறியைப் போடுங்கள். தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால் மெட்டா, ஆல்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அடுத்த தளவமைப்புக்கு மாறும்.

கை வைக்கும் முன்

சிஸ்டம் செட்டிங்ஸில் 'அபவுட் திஸ் சிஸ்டம்' பக்கத்தைத் திறந்து இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிளாஸ்மாவின் பதிப்பு எண், 'கிராபிக்ஸ் பிளாட்ஃபார்ம்' என்ற வரியில் வேலாண்டா எக்ஸ்11ஆ (ஜன்னல்களைத் திரையில் காட்டும் இரண்டு முறைகள்) என்பது. இந்த இரண்டும் தெரியாமல் யாரிடம் உதவி கேட்டாலும் முதல் பதில் இந்தக் கேள்வியாகத்தான் இருக்கும்.

அடுத்து நகல். வீட்டு அடைவில் இருக்கும் 'புள்ளி கான்ஃபிக்' அடைவு முழுவதையும் நகலெடுக்க வேண்டாம். பிரவுசர்கள் தங்கள் சுயவிவரத்தை அங்கேயே வைப்பதால் அது பல ஜிபி ஆகிவிடும். கோப்பு மேலாளரான டால்ஃபினில் கன்ட்ரோல்+எச் அழுத்தி மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து, இவற்றை மட்டும் எடுத்து வையுங்கள்: கேடிஇகுளோபல்ஸ் (நிறம், ஸ்டைல், ஐகான், எழுத்துரு), கேவின்ஆர்சி (ஜன்னல் சட்டம்), பிளாஸ்மாஆர்சி (பிளாஸ்மா ஸ்டைலின் பெயர்), பிளாஸ்மாஷெல்ஆர்சி (பேனலின் உயரம் முதலியவை), கேசிஎம்இன்புட்ஆர்சி (கர்சர்), ஜிடிகே-3.0, ஜிடிகே-4.0 அடைவுகள், கடைசியாக 'ஆப்லெட்ஸ்ஆர்சி' என்று முடியும் மிக நீளமான பெயர் கொண்ட கோப்பு. எந்தப் பேனலில் எந்த விட்ஜெட் (கடிகாரம் போன்ற சிறு கருவி), எந்த வரிசையில் என்பதெல்லாம் இந்தக் கடைசிக் கோப்பில்தான் இருக்கிறது. எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் 1 எம்பியைத் தாண்டாது.

கோளாறு ஏற்கெனவே வந்துவிட்டதா? புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் பிழை உங்கள் வீட்டு அடைவில் இருக்கிறது. கணினியை மறுபடி நிறுவத் தேவையில்லை. அங்கேயும் அதே கோளாறு என்றால் பொட்டலம் (நிறுவும் மென்பொருள் தொகுப்பு) ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது கிராபிக்ஸ் இயக்கியில் சிக்கல். இந்த 2 நிமிடச் சோதனை பாதி நாள் அலைச்சலைக் குறைக்கும்.

குளோபல் தீம் போட்டால் பாதிதான் மாறுகிறது

குளோபல் தீம் என்பது பெரும்பாலும் ஒரு பட்டியல்தான். 'இந்த நிறத்திட்டம், இந்த ஐகான், இந்த ஸ்டைல்' என்று பெயர்களைச் சொல்லும். அந்தப் பெயரில் உங்கள் கணினியில் எதுவும் இல்லையென்றால் சத்தமில்லாமல் பழையதையே வைத்துக்கொள்ளும், அல்லது பிளாஸ்மாவோடு வரும் பிரீஸுக்குத் திரும்பிவிடும். பிழைச்செய்தி வராது.

'கலர்ஸ் அண்ட் தீம்ஸ்' பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பிரிவையும் வரிசையாகத் திறந்து, எது மாறவில்லை என்று பாருங்கள். அடிக்கடி மாட்டிக்கொள்வது அப்ளிகேஷன் ஸ்டைல். கேடிஇயின் இணையக் கடையில் அழகாகத் தெரியும் தீம்களில் பல, குவாண்டம் (ஆங்கிலத்தில் Kvantum) என்ற தனி இயந்திரத்தை நம்பி இருப்பவை. குவாண்டம் பொட்டலத்தை உங்கள் டிஸ்ட்ரோவிலிருந்து (குபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை) நிறுவி, குவாண்டம் மேனேஜரில் அந்தத் தீமைத் தேர்ந்தெடுத்து, அதன்பிறகு அப்ளிகேஷன் ஸ்டைலில் 'குவாண்டம்' என்று மாற்ற வேண்டும். மூன்றில் எது விடுபட்டாலும் பொத்தான்கள் பழையபடியே நிற்கும்.

கையால் இறக்கிய தொகுப்பு பட்டியலிலேயே தெரியவில்லையென்றால் அடைவைப் பாருங்கள். சரியான இடங்கள் எல்லாம் 'புள்ளி லோக்கல்/ஷேர்' அடைவுக்குள் இருக்கின்றன: நிறத்திட்டம் 'கலர்-ஸ்கீம்ஸ்', பிளாஸ்மா ஸ்டைல் 'பிளாஸ்மா/டெஸ்க்டாப்தீம்', குளோபல் தீம் 'பிளாஸ்மா/லுக்-அண்ட்-ஃபீல்', ஜன்னல் சட்டம் 'அரோரே/தீம்ஸ்', ஐகானும் கர்சரும் 'ஐகான்ஸ்'. இடம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் பத்தில் ஒன்பது முறை அடைவுக்குள் அடைவு என்பதுதான் காரணம். ஜிப்பை விரித்ததும் 'நீலம்-மாஸ்டர்' என்று ஒரு அடைவு, அதற்குள் 'நீலம்' என்று இன்னொன்று, அதற்குள்தான் 'இன்டெக்ஸ்.தீம்' கோப்பு. பிளாஸ்மா ஒரு படி மட்டுமே இறங்கிப் பார்க்கும். உள்ளே இருப்பதை ஒரு படி மேலே இழுத்துப் போட்டால் உடனே பட்டியலில் வந்துவிடும்.

குளோபல் தீமை அழுத்தியதும் வரும் சிறு பெட்டியைப் படிக்காமல் 'அப்ளை' அழுத்தாதீர்கள். அதில் தோற்றம் தனி, டெஸ்க்டாப் மற்றும் ஜன்னல் அமைப்பு தனி. அமைப்பு என்பதிலும் டிக் போட்டால், நீங்கள் மாதக்கணக்கில் செதுக்கி வைத்த பேனல்கள் போய், தீம் செய்தவரின் பேனல்கள் வந்து உட்காரும். அதைத் திரும்பப் பெற ஆப்லெட்ஸ்ஆர்சியின் நகல் மட்டுமே வழி.

இன்னொன்று, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. குளோபல் தீம், விட்ஜெட், ஜன்னல்களை நிர்வகிக்கும் கேவினுக்கான ஸ்கிரிப்ட் மூன்றும் உங்கள் உரிமையோடு நிரலை ஓட்டக்கூடியவை. 2024 மார்ச்சில் கேடிஇ கடையிலிருந்து இறக்கிய ஒரு குளோபல் தீம், நிறுவியவரின் கோப்புகளையே அழித்தது. கேடிஇ குழுவும் அப்போது வெளிப்படையாக எச்சரித்தது. நிறத்திட்டம், ஐகான், கர்சர், வால்பேப்பர் படம் ஆகியவை வெறும் தரவு. அவற்றால் இந்த ஆபத்து இல்லை. மற்றவற்றை, பலர் பயன்படுத்தி அண்மையில் புதுப்பிக்கப்பட்டவையாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். அதையும் முதலில் அந்தச் சோதனைக் கணக்கில், வெளி டிஸ்க் எதுவும் இணைக்காமல் செய்யுங்கள்.

பேனல் காணவில்லை

முதலில் மானிட்டரை நினைத்துப் பாருங்கள். புரொஜெக்டரையோ இரண்டாவது திரையையோ மாட்டிக் கழற்றிய பிறகு பேனல் போனதென்றால் அது அழியவில்லை. இல்லாத திரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து 'என்டர் எடிட் மோட்', மேலே வரும் பட்டையில் 'மேனேஜ் டெஸ்க்டாப்ஸ் அண்ட் பேனல்ஸ்'. துண்டிக்கப்பட்ட திரையின் கீழ் உங்கள் பேனல் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதை இப்போதுள்ள திரைக்கு நகர்த்துங்கள். விட்ஜெட்டுகள் எல்லாம் அப்படியே திரும்பி வரும். இது தெரியாமல் புதுப் பேனல் போட்டு எல்லாவற்றையும் மறுபடி அடுக்குபவர்கள் அதிகம்.

அங்கேயும் இல்லையென்றால் அதே பட்டையில் 'ஆட் பேனல்', 'டீஃபால்ட் பேனல்'. திரையின் ஓரத்துக்கு எலியைக் கொண்டுபோனால் மட்டும் பேனல் வருகிறது என்றால், 'விசிபிலிட்டி' அமைப்பு 'ஆட்டோ ஹைட்' ஆக மாறியிருக்கிறது. ஜன்னல் பேனலின் மேல் வரும்போது மட்டும் ஒளிந்தால் 'டாட்ஜ் விண்டோஸ்'.

லாகின் ஆனதும் கருப்புத் திரை, கர்சர் மட்டும்

பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் எளிதில் தீர்வது. ஜன்னல்களை நிர்வகிக்கும் கேவின் ஓடிக்கொண்டிருக்கிறது (அதனால்தான் கர்சர் நகர்கிறது), பேனலையும் வால்பேப்பரையும் வரையும் பிளாஸ்மாஷெல் விழுந்துவிட்டது. கன்ட்ரோல்+ஆல்ட்+டி அழுத்திப் பாருங்கள், கட்டளைகளைத் தட்டும் கன்சோல் திறக்கும். ஆல்ட்+எஃப்2 அழுத்தினால் வரும் கேரன்னரும் தனி நிரல் என்பதால் வேலை செய்யும். அங்கே தட்ட வேண்டியது:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் பிளாஸ்மா-பிளாஸ்மாஷெல்

திரை வந்து நின்றுவிட்டால் ஒருமுறை வந்த விபத்து என்று விட்டுவிடலாம். வந்து, சிமிட்டி, மறுபடி போனால் ஏதோ ஒரு விட்ஜெட் அதைத் தள்ளிவிடுகிறது. கன்சோலில் 'ஜர்னல்சிடிஎல் --யூசர் -பி' ஓட்டி, கடைசி 40, 50 வரிகளைப் படியுங்கள். 'பிளாஸ்மாய்ட்ஸ்' என்ற சொல் உள்ள பாதை எதாவது பிழை வரியில் வருகிறதா? பாதையில் அந்தச் சொல்லுக்கு அடுத்து வருவதுதான் விட்ஜெட்டின் அடையாளப் பெயர். அந்தப் பாதை உங்கள் வீட்டு அடைவில் தொடங்கினால் அது நீங்கள் இறக்கியது; அந்த அடைவை வேறெங்காவது நகர்த்திவிட்டு மேலே சொன்ன கட்டளையை மறுபடி கொடுங்கள். பாதை '/யூஎஸ்ஆர்' என்று தொடங்கினால் அது டிஸ்ட்ரோவோடு வந்தது. அதில் கை வைக்காமல் முழுப் புதுப்பிப்பை ஓட்டுங்கள். புதுப்பித்தல் பாதியில் நின்று, பாதிப் பொட்டலங்கள் புதிதும் பாதி பழையதுமாக இருக்கும்போது இப்படி ஆகும்.

விட்ஜெட் இருந்த இடத்தில் பிழைச்செய்தி

பழைய பிளாஸ்மாவுக்கு எழுதிய விட்ஜெட், 6இல் ஓடாது என்ற செய்தி வந்தால் உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. ஜன்னல்களை வரையும் நிரல் நூலகமான க்யூடியின் 6ஆம் பதிப்புக்கு பிளாஸ்மா 6 மாறியபோது விட்ஜெட்டுகளை ஆசிரியர்களே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. பதிப்பு எண்ணை மட்டும் கையால் மாற்றி ஏமாற்றும் குறுக்குவழியைச் செய்யாதீர்கள்; மேலே சொன்ன கருப்புத் திரை வருவது அப்படித்தான்.

எழுத்தே தெரியவில்லை: கருப்பின் மேல் கருப்பு

எங்கே தெரியவில்லை என்பதுதான் கேள்வி. ஜன்னலுக்குள் தெரியவில்லையென்றால் நிறத்திட்டமும் குவாண்டம் தீமும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. குவாண்டம் தீம்கள் தங்கள் நிறத்தைத் தாங்களே கொண்டுவருபவை. வெளிர் குவாண்டம் தீமோடு இருட்டு நிறத்திட்டத்தைச் சேர்த்தால் பின்னணியை ஒன்றும் எழுத்தை இன்னொன்றும் தீர்மானிக்கும். இரண்டையும் ஒரே குடும்பத்திலிருந்து எடுங்கள், அல்லது அப்ளிகேஷன் ஸ்டைலை பிரீஸுக்கு மாற்றுங்கள். பிரீஸ் எந்த நிறத்திட்டம் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

பேனலிலும் அதன் மெனுவிலும் மட்டும் தெரியவில்லையென்றால் பிளாஸ்மா ஸ்டைல். 'பிரீஸ்' என்று மட்டும் பெயருள்ள ஸ்டைல் நிறத்திட்டத்தைப் பின்பற்றும். 'பிரீஸ் டார்க்', 'பிரீஸ் லைட்' இரண்டும் தங்கள் நிறத்திலேயே நிற்கும். வெளியார் ஸ்டைல்கள் பலவும் அப்படியே.

ஜன்னலின் நிறம் சாயங்காலம் தானாக மாறி, காலையில் தானாகத் திரும்புகிறதா? அது கோளாறல்ல. பகலுக்கு ஒரு தீம், இரவுக்கு ஒரு தீம் என்று தானே மாற்றும் வசதி பிளாஸ்மா 6.5இல் சேர்ந்தது. சிஸ்டம் செட்டிங்ஸில் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

சில அப்ளிகேஷன்கள் மட்டும் வேறு முகத்தோடு நிற்கின்றன

ஜிம்ப், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை க்யூடியில் எழுதியவை அல்ல. க்யூடி போன்ற இன்னொரு நூலகமான ஜிடிகேயின் வழியில் போகிறவை. கேடிஇயின் ஸ்டைல் அவற்றை நேராகத் தொடாது. அப்ளிகேஷன் ஸ்டைல் பக்கத்திலேயே மேலே 'கான்ஃபிகர் க்னோம்/ஜிடிகே அப்ளிகேஷன் ஸ்டைல்' என்ற பொத்தான் இருக்கிறது. அதில் 'பிரீஸ்' தேர்ந்தெடுங்கள். பொத்தானோ பிரீஸோ இல்லையென்றால் 'கேடிஇ-ஜிடிகே-கான்ஃபிக்', 'பிரீஸ்-ஜிடிகே' என்ற இரண்டு பொட்டலங்கள் விடுபட்டிருக்கின்றன. டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ பெயர் ஓரளவு மாறும்.

இன்னொரு டெஸ்க்டாப் சூழலான க்னோமின் புதிய அப்ளிகேஷன்கள் லிப்அட்வைட்டா என்ற நூலகத்தில் எழுதப்படுபவை. 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42இலிருந்து இவை பெருகின. இவை ஜிடிகே தீமின் பெயரை மதிக்காது. இருட்டா வெளிச்சமா என்பதை மட்டும் போர்ட்டல் என்ற இடைநிலைச் சேவை வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பிளாஸ்மா இருட்டாக இருந்தும் இவை வெள்ளையாகத் திறந்தால் 'எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல்-கேடிஇ' நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. கேடிஇ தன் நிறங்களை ஜிடிகே-4.0 அடைவுக்குள் 'கலர்ஸ்.சிஎஸ்எஸ்' என்ற கோப்பில் எழுதி, 'ஜிடிகே.சிஎஸ்எஸ்' கோப்பின் வழியாக அதை இழுத்துக்கொள்கிறது. கிட்ஹப்பிலிருந்து இறக்கும் தீம்களின் நிறுவல் ஸ்கிரிப்டுகள் பல, இதே 'ஜிடிகே.சிஎஸ்எஸ்' கோப்பின் மேல் தங்களுடையதை வைத்துவிடும். தீமை நீக்கினாலும் இந்தக் கோப்பு போகாது. பாதி வட்டமான மூலை, தலைப்புப் பட்டையில் விசித்திரமான இடைவெளி, பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடம் என்று க்னோம் அப்ளிகேஷன்கள் தோன்றினால் இதுதான். அந்த அடைவின் பெயரை மாற்றிவிட்டு, நிறத்திட்டத்தை வேறொன்றுக்கு மாற்றி மறுபடி பழையதற்கு வாருங்கள். கேடிஇ புதிதாக எழுதிக்கொள்ளும்.

ஃபிளாட்பேக் அப்ளிகேஷன்கள் மூடிய பெட்டிக்குள் ஓடுகின்றன. உங்கள் வீட்டு அடைவில் இருக்கும் தீம் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. ஜிடிகே 3 அப்ளிகேஷன்களுக்கு ஃபிளாட்ஹப்பில் பிரீஸ் தனிப் பொட்டலமாகவே கிடைக்கிறது; ஃபிளாட்பேக் தேடலில் 'ஜிடிகே3தீம்' என்று போட்டால் வரும். சொந்தத் தீம் என்றால், ஃபிளாட்பேக் அனுமதிகளை மாற்ற உதவும் ஃபிளாட்சீலைத் திறந்து, 'ஃபைல்சிஸ்டம்' பகுதியில் '~/புள்ளி தீம்ஸ்' பாதையைச் சேருங்கள். அவ்வளவுக்கு அனுமதி போதும். வீட்டு அடைவு முழுவதையும் திறந்துவிடாதீர்கள்.

டால்ஃபினிலேயே ஐகான் இல்லை, செட்டிங்ஸில் மாற்றினால் எதுவும் மாறவில்லை

கேடிஇயின் சொந்த அப்ளிகேஷன்களே சொல் பேச்சுக் கேட்கவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டியது ஒரு சூழல் மாறி. க்னோமிலோ எக்ஸ்எஃப்சிஇயிலோ க்யூடி அப்ளிகேஷன்களை அழகாக்க 'க்யூடி5சிடி' போடச் சொல்லும் குறிப்புகள் இணையமெங்கும் இருக்கின்றன. அதை நிறுவியபோது சேர்த்த ஒரு வரி, பிளாஸ்மாவுக்கு மாறிய பிறகும் அங்கேயே கிடக்கும். கன்சோலில் இதைத் தட்டுங்கள். 'பிரின்ட்இஎன்வி' மட்டும் சிறிய எழுத்து, அடுத்தது முழுக்கப் பெரிய எழுத்து:

பிரின்ட்இஎன்வி க்யூடி_க்யூபிஏ_பிளாட்ஃபார்ம்தீம்

வெறும் வரியோ 'கேடிஇ' என்றோ வந்தால் நல்லது. 'க்யூடி5சிடி', 'க்யூடி6சிடி', 'ஜிடிகே2' என்று வந்தால் பிடித்துவிட்டீர்கள். அந்த வரி இருக்கக்கூடிய இடங்கள்: '/ஈடிசி/என்விரான்மென்ட்' கோப்பு, வீட்டு அடைவில் 'புள்ளி புரொஃபைல்', 'புள்ளி கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி' அடைவு. வரியின் தொடக்கத்தில் # போட்டு லாக் அவுட் செய்து திரும்புங்கள். 'க்யூடி_ஸ்டைல்_ஓவர்ரைடு' என்ற மாறியும் கூடவே இருந்தால் அதையும் அப்படியே முடக்குங்கள். அது இருக்கும்வரை அப்ளிகேஷன் ஸ்டைல் பக்கத்தில் எதை அழுத்தினாலும் பயனில்லை.

ஐகான்கள் பாதி புதிது, பாதி பழையது, சில வெற்றிடம்

ஐகான் தொகுப்பில் எல்லா ஐகானும் இருக்காது. இல்லாததற்கு யாரைக் கேட்பது என்பதை 'இன்டெக்ஸ்.தீம்' கோப்பில் 'இன்ஹெரிட்ஸ்' வரி சொல்லும். அதில் சொன்ன பெற்றோர் தொகுப்பு உங்களிடம் இல்லையென்றால்தான் வெற்றிடம். வரியைத் திறந்து படித்து, பெயர் உள்ள தொகுப்பை நிறுவுங்கள். சந்தேகமென்றால் அந்த வரியின் கடைசியில் காற்புள்ளி போட்டு பிரீஸைச் சேர்த்துவிடுங்கள்.

பென்டிரைவில் கொண்டுவந்த தொகுப்பா? ஐகான் தொகுப்புகளில் ஆயிரக்கணக்கான குறியிணைப்புகள் இருக்கும். ஒரே படத்துக்குப் பத்துப் பெயர். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டும் குறியிணைப்பைத் தாங்காது. விரித்த அடைவை அப்படி நகலெடுத்தால் பாதி ஐகான் வழியிலேயே போய்விடும். சுருக்கிய கோப்பாகவே கொண்டுவந்து, உங்கள் கணினியின் சொந்த டிஸ்கில் விரியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பழைய ஐகானே தெரிந்தால் 'புள்ளி கேஷ்' அடைவில் 'ஐகான்-கேஷ்.கேகேஷ்' என்ற கோப்பை அழித்து லாக் அவுட் செய்யுங்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரும் ஐகான்களில் சில மட்டும் மாறாமலே இருக்கலாம். சில அரட்டை அப்ளிகேஷன்கள் தங்கள் படத்தை நேரடியாக அனுப்புகின்றன. அவற்றை எந்தத் தொகுப்பாலும் மாற்ற முடியாது.

கர்சர் சில ஜன்னலில் மட்டும் பழையதாக இருந்தால் முதலில் லாக் அவுட். அதன்பிறகும் இருந்தால் '~/புள்ளி ஐகான்ஸ்/டீஃபால்ட்' அடைவில் இருக்கும் 'இன்டெக்ஸ்.தீம்' கோப்பில் பழைய கர்சரின் பெயர் கிடக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ் எழுத்து: கட்டம், வெட்டு, தடிப்பு

பிளாஸ்மாவின் வழக்கமான எழுத்துரு நோட்டோ சான்ஸ், 10 புள்ளி. அதில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்து வரும் இடத்தில் ஃபான்ட்கான்ஃபிக் என்ற நூலகம் வேறொரு எழுத்துருவைத் தேடி எடுக்கிறது. எதை எடுக்கிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். 'எஃப்சி-மேட்ச் :லாங்=டிஏ' என்று தட்டினால் பெயர் வரும்.

கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துருவே இல்லை. டெபியன், உபுண்டு குடும்பத்தில் 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' போட்டால் நோட்டோ சான்ஸ் தமிழும் சேர்ந்து வரும்.

அறிவிப்புகளின் தலைப்பில் மட்டும் தமிழ் மை ஊறியதுபோல் தடித்து, சுழிகள் அடைத்துத் தெரிகிறதா? அங்கே லோகித் தமிழ் ஓடுகிறது. லோகித்தில் சாதாரண எடை மட்டுமே உண்டு. தடித்த எழுத்து கேட்கும் இடத்தில் கணினி அதையே வீங்க வைத்துக் காட்டுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழில் தடித்த எடை தனியாக வரையப்பட்டிருப்பதால் அதை நிறுவி, லோகித் பொட்டலத்தை நீக்கினால் தீரும்.

ஜன்னல் தலைப்பிலும் பேனலிலும் 'பூ', 'சூ', 'யூ' போன்றவற்றின் அடிப்பகுதியும் 'கீ', 'ஷீ' இவற்றின் மேற்சுழியும் வெட்டுப்பட்டால் காரணம் வேறு. நோட்டோ சான்ஸின் வரி உயரத்தை வைத்து இடம் ஒதுக்கிவிட்டு, அதில் அதைவிட உயரம் கேட்கும் தமிழ் எழுத்துருவை வரைகிறார்கள். நல்ல தீர்வு, தமிழும் ஆங்கிலமும் ஒரே எழுத்துருவில் இருப்பதையே முதன்மையாக வைப்பது: முக்தா மலர், கேடமரான், ஹிந்த் மதுரை மூன்றும் அப்படிப்பட்டவை, கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை. '~/புள்ளி லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ்' அடைவில் போட்டு, 'எஃப்சி-கேஷ் -எஃப்' ஓட்டி, 'டெக்ஸ்ட் அண்ட் ஃபான்ட்ஸ்' பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். முக்தா மலரில் வரி உயரம் கூடுதல் என்பதால் தலைப்புப் பட்டை தடிக்கும். 'விண்டோ டைட்டில்' எழுத்துருவை மட்டும் 9க்குக் குறைத்தால் சரியாக வரும். பேனல் மிகக் குறுகலாக இருந்தால் கடிகாரத்தில் தமிழ்த் தேதி இரண்டாம் வரியில் நசுங்கும். பேனலின் உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது தேதியை நேரத்துக்குப் பக்கத்தில் வரும்படி கடிகாரத்தின் அமைப்பில் மாற்றுங்கள்.

கன்சோலில் தமிழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை. டெர்மினல் என்பது சம அகலக் கட்டங்களால் ஆனது. 'கொ' போன்ற எழுத்து எத்தனை கட்டம் என்பதற்கு அங்கே சரியான விடை இல்லை. தமிழ்க் கோப்பைப் படிக்க கேட் எடிட்டரைத் திறப்பதே நல்லது.

எழுத்து மங்கலாகத் தெரிகிறது

வேலாண்டில் 125%, 150% அளவு வைத்து, சில அப்ளிகேஷன்கள் மட்டும் மங்கினால் அவை எக்ஸ்11 வழியாக ஓடுபவை. டிஸ்ப்ளே கான்ஃபிகரேஷன் பக்கத்தின் அடியில் 'லெகசி அப்ளிகேஷன்ஸ்' வரியை 'அப்ளை ஸ்கேலிங் தெம்செல்வ்ஸ்' என்பதற்கு மாற்றுங்கள். தன்னைத் தானே பெரிதாக்கத் தெரியாத பழைய அப்ளிகேஷன் இதில் மிகச் சிறிதாகிவிடும். அப்படி ஒன்று உங்களுக்கு முக்கியமென்றால் பழைய அமைப்பிலேயே மங்கலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

லாகின் திரை மட்டும் மாறவில்லை, அல்லது உடைந்துவிட்டது

பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் லாகின் திரையை வரைவது எஸ்டிடிஎம் என்ற நிரல். அது உங்கள் கணக்கில் ஓடுவதில்லை. 'எஸ்டிடிஎம்' என்ற தனிப் பயனராக ஓடுகிறது. உங்கள் நிறமும் கர்சரும் எழுத்துருவும் அதற்குத் தெரியாது. 'லாகின் ஸ்க்ரீன்' பக்கத்தில் 'அப்ளை பிளாஸ்மா செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்தினால் அவற்றை அங்கே நகலெடுக்கும். ஒவ்வொரு முறை தீம் மாற்றும்போதும் இதை மறுபடி அழுத்த வேண்டும்.

தீமை ஏற்ற முடியவில்லை என்ற பிழையோடு மொட்டையான திரை வந்தால், அந்தத் தீம் க்யூடி 5க்கு எழுதியது. க்யூடி 6க்கான தீமின் 'மெட்டாடேட்டா.டெஸ்க்டாப்' கோப்பில் 'க்யூடிவெர்ஷன்=6' என்ற வரி இருக்கும்; இல்லாவிட்டால் எஸ்டிடிஎம் பழைய நிரலைக் கூப்பிடுகிறது, அது நிறுவப்படாமல் இருந்தால் விழுகிறது. உள்ளே நுழையவே முடியாவிட்டால் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து, '/ஈடிசி/எஸ்டிடிஎம்.கான்ஃப்.டி/கேடிஇ_செட்டிங்ஸ்.கான்ஃப்' கோப்பில் 'கரன்ட்=' வரியை 'பிரீஸ்' என்று, ஆங்கிலச் சிறு எழுத்தில் மாற்றி, மறுதொடக்கம் செய்யுங்கள். அடுத்த முறை லாகின் தீம் போடுமுன் 'எஸ்டிடிஎம்-கிரீட்டர்-க்யூடி6 --டெஸ்ட்-மோட் --தீம்' என்று தட்டி, அடுத்து அந்தத் தீமின் பாதையைக் கொடுங்கள். ஒரு ஜன்னலுக்குள் திறந்து காட்டிவிடும்.

எதுவும் பலிக்கவில்லையென்றால்

அழிக்காதீர்கள், பெயர் மாற்றுங்கள். அதையும் பிளாஸ்மா ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யாதீர்கள். ஓடும் பிளாஸ்மாஷெல் தன் நினைவில் இருப்பதை மறுபடி கோப்பில் எழுதக்கூடும். நீங்கள் மாற்றியது மாறாமலே போனதுபோல் தெரிவது அதனால்தான். லாக் அவுட் செய்து, கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 திரையில் நுழைந்து, முதலில் சொன்ன கோப்புகள், அடைவுகள் ஒவ்வொன்றின் முடிவிலும் 'பழையது' என்பதற்கு அடையாளமாக ஒரு சொல்லைச் சேருங்கள். 'புள்ளி கேஷ்' அடைவில் 'பிளாஸ்மா' என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் அழித்துவிடலாம், அவை தாமே மறுபடி உருவாகும். பிறகு திரும்பி லாகின் செய்தால் நிறுவிய முதல் நாளில் இருந்த பிளாஸ்மா வரும்.

அங்கிருந்து ஒரு நேரத்தில் ஒரு கோப்பாகப் பழைய பெயருக்கு மாற்றி, ஒவ்வொரு முறையும் லாகின் செய்து பாருங்கள். கேடிஇகுளோபல்ஸில் தொடங்கி, ஆப்லெட்ஸ்ஆர்சியைக் கடைசியில் வையுங்கள். எதைத் திருப்பி வைத்ததும் கோளாறு தலைகாட்டுகிறதோ அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிட்டு, அதில் இருந்த அமைப்புகளைச் செட்டிங்ஸ் வழியாகப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.